பாட்டும் விளையாட்டும்: பாலர் இசைக்கல்வி வளர்ந்த வரலாறு

மொழி தெளியுமுன்னரே குழந்தைக்கு ஓசை தெளிகின்றது. தாயின் தாலாட்டைக் கேட்டுறங்கும் மகவு சில திங்களுள் அவ்வோசையைத் தானும் மிழற்றத் தலைப்படுகின்றது. இருக்கக் கற்றதும் கைகொட்டுகின்றது. நடக்கக் கற்றதும் கையிற் கிடைத்ததைத் தட்டி முழக்குகின்றது. தமிழ்ப் புலவர் இவ்வுண்மையை நன்கு கண்டிருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் பத்துப் பருவங்களுள் தால், சப்பாணி, சிறுபறை என்னும் மூன்றும் முறையே தாலாட்டுக்கும் கைகொட்டலுக்கும் பறை முழக்கலுக்கும் உரியனவாக அமைந்துள்ளமை இதற்குச் சான்றாகும். பாட்டும் தாளமும் ஆட்டமும் குழவிப் பருவத்தில் வெவ்வேறாகப் பிரிந்து நிற்பன அல்ல.

ஆயினும், வீட்டு முற்றத்தில் தானாக எழும் பாட்டு வேறு, ஆசிரியர் கற்பிக்கும் இசை வேறு என்னும் எண்ணம் பல நாடுகளிலும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. குரல்வளமும் குலவழக்கமும் பொருள்வசதியும் வாய்த்த சிலர்க்கே இசைக்கல்வி உரியதெனக் கருதப்பட்டது. அவ்வெண்ணம் தளர்ந்து, ஓர் ஊரின் பிள்ளைகள் அனைவரும் ஒரே அறையிற் கூடி, விளையாட்டின் வாயிலாக இசை பயிலும் வகுப்பு உருவான வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. அஃது இசைக்கலையின் வரலாறு மாத்திரமன்று. கல்வி யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு வெவ்வேறு காலத்தார் அளித்த விடைகளின் வரலாறுமாகும்.

சிறுவர்க்கு இசை பயிற்றும் முறையை முதன்முதல் எளிதாக்கிய மேனாட்டார் பலருள் தலைசிறந்தவர், பதினோராம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு அரேசோ நகரில் வாழ்ந்த குயிதோ என்னும் துறவியாவர். இலத்தீன் தோத்திரப் பாடலொன்றின் அடிகள் ஒவ்வொன்றும் முன்னையதினும் ஒரு சுரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்ட அவர், அவ்வடிகளின் முதலசைகளான உட், ரே, மி, பா, சோல், லா என்பவற்றையே சுரப்பெயர்களாக அமைத்தார். பத்தாண்டு வருந்திக் கற்றதை ஓரிரண்டு ஆண்டுகளிற் கற்றுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. எனினும், அவரிடம் பயின்றோர் ஆலயத்திற் பாடுதற்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட சிறுவரே. தென்னாட்டிலும் பதினாறாம் நூற்றாண்டினரான புரந்தரதாசர், சரளி வரிசை முதலாகக் கீதம் ஈறாகத் தொடக்கப் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார் என்பது வழிவழி வந்த கொள்கை. அம்முறை இன்றும் நின்று நிலவும் சிறப்புடையது. ஆனால் அது குருவின் முன் அமர்ந்து பொறுமையுடன் சாதகஞ் செய்யும் மாணாக்கனுக்கு ஏற்றது. ஓரிடத்தில் இருக்கமாட்டாத நான்கு வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறைக்கென ஆக்கப்பட்டதன்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்னும் கொள்கை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. அதற்கு உழைத்தவருள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பெஸ்டலோசி. எளியதிலிருந்து அரியதற்கும், பொருளிலிருந்து குறியீட்டுக்கும் செல்லல் வேண்டும் என்பது அவர் கண்ட நெறி. அந்நெறியை இசைக்குப் பொருத்தி, நேகெலி, பிபைபர் என்னும் இருவரும் 1810 இல் பாட்டுப் பயிற்சி நூலொன்றை வெளியிட்டனர். தாளம், சுருதி, ஓசையின் வன்மை மென்மை என்பவற்றைத் தனித்தனியே பிரித்துப் படிப்படியாகப் பயிற்றியமை அதன் சிறப்பு. அதன் குறையும் அதுவே. பாட்டுக்கு முன்னர் பாட்டின் உறுப்புக்களைக் கற்பித்தமையால், பிள்ளைகள் ஒரு பாட்டையேனும் மகிழ்ந்து பாடும் நாள் மிகவும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இக்குறையைத் தீர்க்கும் வழியைக் காட்டியவர் ஜேர்மனி நாட்டுப் புரோபெல். அவர் 1837 இல் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரிலே குழந்தைகளுக்கென நிலையமொன்றைத் தொடங்கி, 1840 இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அப்பெயரே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. 1844 இல் அவர் வெளியிட்ட தாய்மார் பாட்டு நூலில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படமும் ஒரு விரல் விளையாட்டும் இணைக்கப்பட்டிருந்தன. விளையாட்டு ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கன்று, அதுவே அப்பருவத்துக்குரிய கல்வி என்னும் கருத்து இங்ஙனம் பாட்டோடு சேர்ந்தது. குழந்தைகள் வட்டமாக நின்று பாடியாடும் வழக்கம் பள்ளிக்குட் புகுந்தது புரோபெலின் வழியாகவே எனலாம்.

பாடியாடுதல் தீங்கற்ற செயலெனவே எவர்க்குந் தோன்றும். ஆயின் பிரசிய அரசுக்கு அவ்வாறு தோன்றவில்லை. 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் அச்சங்கொண்டிருந்த அவ்வரசு, 1851 இல் புரோபெலின் பாலர் நிலையங்களைத் தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அதே குடும்பப் பெயர்கொண்ட அவருடைய உறவினர் ஒருவரின் எழுத்துக்களை அவருடையனவாகக் கொண்டமையும் தடைக்குக் காரணமெனக் கூறுவர். மறு ஆண்டிலேயே புரோபெல் காலமானார். தடை 1860 இலே நீக்கப்பட்டது. இதனிடையில் அவர்தம் மாணாக்கியர் பலர் பிற நாடுகளுக்குச் சென்று அம்முறையைப் பரப்பினர். வேரோடு களைய எண்ணிய செயலே விதைகளைத் தொலைவிற் கொண்டுசேர்த்தது.

இதே காலத்தில் இங்கிலாந்திலே வேறொரு முயற்சி நடைபெற்றது. நோர்விச் நகரத்துக் குருவானவர் ஒருவரின் மகளான சாரா குளோவர், வறியவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்து வந்தார். ஐந்து கோடும் புள்ளியுமாக எழுதப்படும் மேனாட்டு இசைக்குறியீடு அப்பிள்ளைகளுக்குப் பெருந்தடையாக இருந்தது. ஆதலின் அவர் சுரப்பெயர்களின் முதலெழுத்துக்களையே குறியீடாகக் கொண்டார். சோல், சி என்னும் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கியமையின், பின்னதைத் தி என மாற்றினார். சுரங்களை ஏணிப்படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிச் சுவரிலே தொங்கவிட்டு, கோலாற் சுட்டிக்காட்டப் பிள்ளைகள் பாடினர். அவரது முறை 1835 இல் நூலாக வெளிவந்தது.

அம்முறையின் சிறப்பு யாதென்பது கருநாடக இசை பயின்றோர்க்கு எளிதில் விளங்கும். நம் இசையில் சட்சம் எந்தச் சுருதியிலும் நிற்கலாம். பாடுவோர் குரலுக்கேற்ப அதனை வைத்துக்கொண்டால் ஏனைய சுரங்கள் அதனோடு கொண்ட உறவினால் தத்தம் இடம் பெறும். குளோவர் அம்மையாரின் 'டோ' என்னும் சுரமும் அத்தகையதே. அக்காலத்து இங்கிலாந்தில் ஹல்லா என்பவர் பரப்பிய மறுமுறையில் 'டோ' ஒரே சுருதிக்கு உரிய நிலையான பெயராக இருந்தது. சுருதி மாறியவுடன் கற்றவை குழம்பின, பிள்ளைகள் தடுமாறினர். சுரங்களிடையேயுள்ள உறவைப் பற்றுவது குழந்தையின் செவிக்கு இயல்பு. தனிச் சுரமொன்றைப் பெயரிட்டு நினைவில் வைப்பது அரிது.

குளோவரின் முறையை நாடெங்கும் கொண்டுசென்றவர் யோன் கேர்வன் என்னும் சமயகுரு. அவர் இசைவாணர் அல்லர். இசை தமக்கு வாராதென வருந்தியவர். 1841 இல் ஹல் நகரத்திற் கூடிய ஞாயிறுப் பாடசாலை ஆசிரியர் மகாநாடு, பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்றச் சிறந்த வழியைத் தேடும் பணியை அவர்பால் ஒப்புவித்தது. அவர் குளோவரின் நூலைக் கற்று, அதனைத் திருத்தியும் விரித்தும் வழங்கினார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு கைச்சைகை வகுத்தமை அவருடைய பெரும் பங்களிப்பு. மூடிய கை 'டோ' வின் உறுதியைக் காட்டும். மேல்நோக்கிச் சுட்டும் விரல் 'தி' யின் ஏக்கத்தைக் காட்டும். இவ்வாறு காதுக்கு மாத்திரம் புலனாவது கண்ணுக்கும் கைக்கும் புலனாயிற்று. தமக்குக் கற்றல் அரிதாயிருந்தமையே கற்பித்தலை எளிதாக்கும் வழியை அவருக்குக் காட்டியது எனலாம்.

இங்கு அரசாங்கத்தின் செயலும் நோக்கற்பாலது. 1862 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், வாசிப்பு, எழுத்து, கணிதம் என்னும் மூன்றிலும் மாணாக்கர் பெறும் பரீட்சைப் பேற்றைக் கொண்டு பாடசாலைகளின் உதவி நன்கொடையை வரையறுத்தது. பாட்டு அம்மூன்றினுள் ஒன்றன்று. பணம் கிடையாத பாடம் கவனிப்பாரின்றித் தேய்ந்தது. 1872 இல் பாட்டுக் கற்பியாத பாடசாலைக்கு மாணாக்கர் ஒருவருக்கு ஒரு சிலின் வீதம் நன்கொடை குறைக்கப்படும் என விதித்தனர். 1882 இலோ, செவிவழி கற்றுப் பாடும் பிள்ளைக்கு ஆறு பென்சும் குறியீட்டைப் பார்த்துப் பாடும் பிள்ளைக்கு ஒரு சிலினும் என வகுத்தனர். பாட்டு மீண்டும் பள்ளிக்கு வந்தது. ஆனால் பரிசோதகர் வரும் நாளை நோக்கியே வந்தது. பிள்ளைகளின் மகிழ்ச்சியை அளக்கும் கோல் எந்தச் சட்டத்திலும் இல்லை. பாடம் அளக்கப்படும் முறையே அப்பாடத்தின் உருவத்தை மாற்றிவிடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வினா எழுந்தது. செவியும் குரலும் மாத்திரமா இசை கற்கின்றன என்பதே அது. எமில் ஜாக் டல்குரோஸ் 1892 இல் ஜெனீவாச் சங்கீதக் கல்லூரியில் சுரச்சேர்க்கை கற்பிக்கும் பேராசிரியரானார். அவருடைய மாணாக்கர் விரலால் வாசிக்க வல்லவராயினும், எழுதியதை மனச்செவியாற் கேட்கவோ தாளத்தை வழுவாது பேணவோ பலரால் இயலவில்லை. அம்மாணாக்கரே தெருவில் நடக்கும்போது காலடி பிசகாது நடந்தனர். உடலில் உள்ள இவ்வொழுங்கை இசைக்கு அடித்தளமாக்குதல் வேண்டும் என அவர் துணிந்தார். அவர் வகுப்பிலே பிள்ளைகள் இசைக்கேற்ப நடந்தனர், ஓடினர், துள்ளினர், இசை நின்றவுடன் நின்றனர், விரைந்தபோது விரைந்தனர். விளையாட்டுப்போற் காணப்படும் இப்பயிற்சியிற் கவனமும் அடக்கமும் தாமாகவே வளர்ந்தன.

அவர்க்கென 1911 இல் டிறெஸ்டன் நகரை அடுத்த ஹெல்லரௌ என்னுமிடத்திற் பெரியதொரு நிலையம் திறக்கப்பட்டது. 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. ஜேர்மானியப் படைகள் றெயிம்ஸ் தேவாலயத்தைப் பீரங்கியால் தாக்கியதைக் கண்டித்த அறிக்கையில் டல்குரோஸ் கையொப்பமிட்டார். அதனால் ஜேர்மனிக்குத் திரும்பும் வழி அடைபட்டது. மறு ஆண்டில் ஜெனீவாவிலேயே தம் நிலையத்தை நிறுவி, 1950 இல் இறக்குமளவும் அங்கே பணியாற்றினார்.

உடலசைவோடு கருவியையும் சேர்த்தவர் கார்ல் ஓர்ப். அவரும் டொரத்தி குந்தரும் 1924 இல் மியூனிச் நகரில் ஆடலும் இசையும் ஒருங்கே பயிற்றும் பள்ளியைத் தொடங்கினர். மரக்கட்டைகளையும் உலோகத் தகடுகளையும் வரிசையாக அடுக்கிச் சிறு கோலால் தட்டும் கருவிகளை அங்குப் பயன்படுத்தினர். இவற்றின் ஓசை இனிமையானது. தேவையற்ற சுரத்தின் தகட்டைக் கழற்றிவைத்துவிட்டால் தொடக்க மாணாக்கனுக்கும் பிழைபட வாசிக்க இடமில்லை. அப்பள்ளியின் கட்டடமும் கருவிகளும் 1945 இற் குண்டுவீச்சில் அழிந்தன. 1948 இற் பவேரிய வானொலி, பிள்ளைகளுக்கான இசை நிகழ்ச்சிகளை அமைக்குமாறு அவரை வேண்டியது. குனில்ட் கீற்மான் என்னும் அம்மையாரின் துணையுடன் அவர் அமைத்த அந்நிகழ்ச்சிகளே, 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த சிறுவர் இசை நூலுக்கு வித்தாயின. 1961 இல் சால்ஸ்பேர்க் நகரில் ஆசிரியர் பயிற்சி நிலையமும் அவர் பெயரால் அமைந்தது.

வரலாற்றாசிரியன் இங்கு ஒன்றை மறைத்தல் கூடாது. 1936 இல் ஹிட்லரின் ஆட்சியிற் பேர்லினில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாத் தொடக்கத்திற் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கு இசையமைத்தவரும் இதே ஓர்ப் அவர்களே. பிள்ளைகள் கூடிப் பாடும் காட்சி காண்போரை உருக்கும் ஆற்றலுடையது. அவ்வாற்றலைத் தம் பெருமைக்குப் பயன்படுத்த ஆட்சியாளர் என்றும் விரும்புவர். ஆதலின், பிள்ளைகள் பாடுகின்றார்கள் என்பதோடு அமையாது, யாருடைய நன்மைக்காகப் பாடுகின்றார்கள் என்பதையும் கேட்டறிதல் கல்வியாளர் கடமையாகும்.

இவ்வோடைகள் பலவும் ஒன்றுகூடிய இடம் அங்கேரி நாடு. அந்நாடு 1918 வரை ஒஸ்திரியப் பேரரசோடு பிணைக்கப்பட்டிருந்தது. நகரங்களில் உயர்ந்த இசை என மதிக்கப்பட்டது ஜேர்மானிய இசையே. உழவர் பாட்டுக்களைக் கற்றோர் பொருட்படுத்தவில்லை. 1882 இல் கெச்கெமேத் என்னும் ஊரிற் பிறந்த சொல்தான் கோடாய், 1905 முதலாகக் கிராமந்தோறுஞ் சென்று நாட்டுப் பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். பேலா பார்ட்டோக் அவருக்குத் துணைவரானார். திரட்டியவற்றை ஆராய்ந்தபோது பழைய பாடல்கள் பல ஐந்து சுரங்களிலேயே அமைந்திருத்தல் தெரியவந்தது.

இயற்றமிழ் வல்லார்க்குத் தாய்மொழி எத்தகையதோ, இசை கற்கும் பிள்ளைக்குத் தாய்நாட்டுப் பாட்டு அத்தகையது என்பது கோடாயின் கொள்கை. குழந்தை முதலிற் பேசுவது தாய்மொழியே; முதலிற் பாடுவதும் அதன் சொந்தப் பாட்டாதல் வேண்டும். பிறநாட்டுப் பாடல்களின் சிறப்பை உணர்தற்கும் அதுவே வாயில் என அவர் கருதினார். பள்ளிகளில் வழங்கிய சுவையற்ற பாட்டுக்களைக் கண்டித்து 1929 இல் சிறுவர் பாடற்குழுக்களைப் பற்றியும், 1941 இற் பாலர் வகுப்பில் இசையைப் பற்றியும் கட்டுரைகள் வரைந்தார். பிள்ளைகளுக்கெனப் பயிற்சிகளையும் இருகுரற் பாடல்களையும் தாமே இயற்றினார். நாடகமும் பேரிசையும் இயற்றிப் புகழ்பெற்ற ஒருவர், நான்கு வயதுப் பிள்ளையின் பாட்டுக்காக ஆண்டு பலவற்றைச் செலவிட்டமை பலர்க்கு வியப்பாயிருந்தது.

முறையைப் பொறுத்தவரை அவர் பிறரிடம் கற்கத் தயங்கவில்லை. இடம்பெயரும் சுரமுறையையும் கைச்சைகைகளையும் இங்கிலாந்தின் கேர்வனிடமிருந்து ஏற்றார். தாள அளவுகளைச் சொற்கட்டாக உச்சரிக்கும் முறையைப் பிரான்சு நாட்டாரிடமிருந்தும், உடலசைவை டல்குரோசிடமிருந்தும் ஏற்றார். அவர் வழிநின்ற ஜெனோ ஆடாம் 1944 இல் ஆசிரியர்க்குரிய கைநூலை எழுதினார். 1950 இற் கெச்கெமேத் நகரில், மார்த்தா நெமெஸ்ஸெகி என்னும் ஆசிரியையின் பொறுப்பில், இசையை நாள்தோறும் பயிற்றும் முதலாவது ஆரம்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. கத்தலின் பொறாய் அம்மையார் அதே நெறியைப் பள்ளி செல்லாப் பாலர்க்கு ஏற்றவாறு அமைத்தார். 1964 இற் புடாபெஸ்ற் நகரிற் கூடிய அனைத்துலக இசைக்கல்வி மகாநாட்டுக்குப் பின்னர் உலகின் பல நாட்டு ஆசிரியரும் இம்முறையை நாடினர். கோடாய் 1967 இல் மறைந்தார். அவர் முறையால் நாட்டுப் பாடல் மரபு பேணப்படுவதை 2016 இல் யுனெஸ்கோ நிறுவனம் நற்பேணல் முறைகளின் பதிவேட்டிற் சேர்த்தது.

இத்தகைய வகுப்பொன்றில் நிகழ்வன யாவை? பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து நடந்து பாடுவர். நடையின் அடியே தாளத்தின் அடி. பின்னர் நடையை நிறுத்தாமலே பாட்டின் சொற்களுக்கேற்பக் கைகொட்டுவர். காலில் ஒரு கணக்கும் கையில் இன்னொரு கணக்கும் ஓடும். முதற் பாட்டுக்கள் இரண்டே சுரங்களில் அமையும். தொலைவில் நிற்கும் தோழனைக் கூவியழைக்கும்போது குரல் இறங்குமே, அவ்விறக்கமே அவ்விரு சுரங்கள். அதன்மேல் ஒன்று, கீழே இரண்டு எனச் சேர்ந்து ஐந்து சுரங்கள் நிரம்பும். அவ்வைந்தும் நம் மோகன இராகத்தின் ஸ ரி க ப த என்பனவேயாம். அரைச்சுர நெருக்கம் அவற்றுள் இன்மையால் இளங்குரல் வழுவாது நிற்கின்றது.

ஒளித்துப்பிடிக்கும் ஆட்டம்போன்ற வேறொன்றும் உண்டு. தெரிந்த பாட்டை எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, ஆசிரியர் சைகை காட்டியவுடன் வாய்மூடி மனத்துள் மாத்திரம் பாடுவர். மறு சைகையில் அனைவரும் உரிய இடத்திலிருந்து உரக்கத் தொடங்குவர். பிள்ளைகளுக்கு இது பெருங் களிப்பைத் தரும் விளையாட்டு. டல்குரோஸ் தம் மாணாக்கரிடத்துக் காணாத மனச்செவி இவ்விளையாட்டாற் பயிற்சி பெறுகின்றது. பாட்டு முழுவதையும் தனித்துப் பாடக் கூசும் பிள்ளையும், ஆட்டத்தில் தன் முறை வரும்போது ஒரு வரியைத் தன்னையறியாமலே பாடிவிடும். எழுத்தும் குறியீடும் இவற்றுக்கெல்லாம் பின்னரே வருவன.

இவ்வரலாற்றால் விளங்குவன சில. விளையாட்டு என்பது ஒழுங்கின்மை அன்று. மேலே கூறிய ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு குறித்த திறனை நோக்கி எண்ணி அமைக்கப்பட்டது. கூட்டம் என்பது இட நெருக்கடியால் நேர்ந்ததன்று. வலிய குரல் தளர்ந்த குரலைத் தாங்கும் இடம் அது. செவியாற் பெற்றதைக் கண் பின்னர் அறிதல் வேண்டுமேயன்றி, கண் முந்துதல் தகாது. உரத்துப் பாடுதலே நன்கு பாடுதல் எனக் கொண்டு பிள்ளைகளைக் கத்தச் செய்தல் அவர்தம் குரலுக்குக் கேடு.

ஈழத்துத் தமிழர்க்கு இவ்வரலாறு அயலார் கதை மாத்திரமன்று. ஆங்கிலக் கல்வி மேலோங்கிய காலத்திலே நம் பிள்ளைகளும் தாம் காணாத பனியையும் பறவையையும் பற்றிய ஆங்கிலப் பாட்டுக்களை ஒப்புவித்தனர். அக்காலத்திலேயே நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கித் தந்தார். பிள்ளை தன் வீட்டிற் கூழ் குடிப்பதும் தன் தோட்டத்திற் காண்பதும் பாட்டுக்குரிய பொருள் என்னும் துணிவு, கோடாயின் துணிவுக்கு இனமானது. ஆயினும், ஊஞ்சற் பாட்டும் கும்மியும் கோலாட்டமும் ஐந்து சுர இராகங்களும் நம்மிடம் நிறைந்திருக்க, பாலர் வகுப்பின் இசை பரிசளிப்பு விழாவுக்கெனச் சில பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து ஆயத்தப்படுத்துவதோடு முடிந்துவிடும் இடங்கள் உள. தெரிந்தெடுக்கப்படாத பிள்ளை அன்று கற்கும் பாடம் ஒன்றே: தனக்குப் பாட வாராது என்பது. அப்பாடத்தைப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

கோடாய் 1929 இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை வற்புறுத்தினார். தலைநகரத்து இசைநாடக அரங்கின் தலைவர் யார் என்பதினும், கிஸ்வார்தா என்னும் சிற்றூரின் பாட்டாசிரியர் யார் என்பதே முதன்மையானது என்பது அக்கருத்து. தகுதியற்ற அரங்கத் தலைவர் விரைவில் விலக்கப்படுவார்; தகுதியற்ற ஆசிரியரோ முப்பது ஆண்டுகள் இருந்து, முப்பது தொகுதிப் பிள்ளைகளின் உள்ளத்தில் இசையார்வத்தை அழித்துவிடுவார் என அவர் காரணமும் காட்டினார். இதன் மறுதலையும் உண்மையே. சுருதிப்பெட்டி ஒன்றும், ஐம்பது நாட்டுப்பாடல் நிறைந்த நினைவும், பிள்ளைகளோடு வட்டத்தில் நின்று கைகோக்கும் மனமும் உள்ள ஆசிரியர் ஒருவர், தம் ஊரின் ஒரு தலைமுறைக்கே பாட்டை உரிமையாக்கிவிட வல்லவர்.